பிரசவம் அரசின் பொறுப்பு; பிள்ளை யாருடைய பொறுப்பு?

பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகும் வீதியை ஒட்டி, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் மணல் நிலத்தில், நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில, எத்தாளை, கண்டக்குளி என்று ஊர்கள் இருக்கின்றன. இந்த ஊர்களில் ஒரு பெண் கருவுற்றால் அது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வந்து பெயரைப் பதிகிறார். கிளினிக்கில் நிறை பார்க்கிறார்கள், இரத்தம் சோதிக்கிறார்கள், திரிபோஷ சத்துமா கொடுக்கிறார்கள். பிரசவம் வைத்தியசாலையில் நடக்கிறது. வீடு திரும்பிய பின்னும் மருத்துவமாது வருகிறார். தடுப்பூசிக்கு நாள் குறித்த அட்டை தாயின் கையில் இருக்கிறது. எத்தனையோ பணக்கார நாடுகளில்கூட இப்படி ஒழுங்காக நடப்பதில்லை. ஆனால் நாலைந்து மாதம் கழித்து அதே தாய் வெங்காயத் தோட்டத்துக்கோ கருவாட்டு வாடிக்கோ கூலிக்குப் போகத் தொடங்கும் நாளில், காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் வரை அந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பதற்கு அரசாங்கத்தில் ஒருவரும் இல்லை. பிள்ளை உயிரோடு பிறப்பதைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்ட அரசு, பகல் முழுவதும் அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பதை மட்டும் குடும்பத்தின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டது. இந்தப் பிரிவினை இயற்கையானது அல்ல. இதற்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பார்த்தால், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தை முதலாளியின் தயவிலும் தொண்டு நிறுவனத்தின் நன்கொடையிலும் விட்டுவைக்காமல், கிளினிக்கைப் போலவே ஒரு பொதுச் சுகாதாரச் சேவையாக நடத்த வேண்டும் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

முதலில், அரசு ஏற்றுக்கொண்ட கடமை எப்படி உருவானது என்று பார்ப்போம். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு ஒழுங்குக்கு வந்தது. பிற்காலத்தில் பதிவாளர் நாயகமாக இருந்து 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டையும் நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு வயதுக்கு முன் இறக்கிறார்கள் என்பது ஊர்க் கதையாக இல்லாமல் ஆண்டுதோறும் அச்சிடப்படும் கணக்காக மாறியது அந்தக் காலத்தில்தான். எண்ணத் தொடங்கிய பிறகு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. அதே அருணாசலம் 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கி, கொழும்பின் சேரிகளில் நடக்கும் மரணங்களுக்கு விதியைக் காரணம் காட்டுவதில் பயனில்லை என்ற எண்ணத்தைப் படித்தவர்களிடையே பரப்பினார். கொழும்பில் சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் 1879இல் திறக்கப்பட்ட மகப்பேற்று வைத்தியசாலை ஏற்கனவே இருந்தது. ஆனால் வைத்தியசாலை, தேடி வருபவருக்கு மட்டுமே உதவும். வராதவரைத் தேடிப் போகும் ஏற்பாடு கிராமங்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த ஏற்பாட்டின் முதல் முழு வடிவம் 1926இல் களுத்துறையில் உருவானது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. குறித்த எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவருக்கும் ஒரே வைத்திய அதிகாரி, அவரின் கீழ் தாதியர், மருத்துவிச்சிகள், சுகாதாரப் பரிசோதகர்கள். நோய் வந்தபின் பார்ப்பது மட்டும் அவர்களின் வேலை இல்லை. கர்ப்பிணியைப் பார்ப்பது, கைக்குழந்தையை நிறுப்பது, கிணற்றையும் மலசலகூடத்தையும் பரிசோதிப்பது எல்லாம் ஒரே குழுவின் பொறுப்பு. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. கிராமத்துத் தாயின் வாக்கு அமைச்சருக்குத் தேவைப்பட்டபோது மருத்துவிச்சியும் கிராமத்துக்கு வந்தார். 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்றது. 1935இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு கிராமப்புற நிலையங்களும் மருத்துவிச்சிகளின் தொகையும் வேகமாகக் கூடின. 1945இல் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 140, 1950இல் 82. இன்று பத்துக்கும் கீழ்.

இந்த வீழ்ச்சிக்கு மருத்துவிச்சி காரணம் என்பதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. 1946 முதல் நாடெங்கும் தெளிக்கப்பட்ட டீ.டீ.ரீ. மருந்துதான் நுளம்பைக் கொன்று பிள்ளைகளைக் காப்பாற்றியது, மருத்துவிச்சியின் பங்கு சிறிது என்பது அவர்கள் வாதம். 1946க்கும் 1947க்கும் இடையில் மரண வீதம் திடீரென்று விழுந்தது உண்மைதான். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகள் இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களில் மீகம போன்றவர்கள், மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் மரணம் குறைந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். 1974இல் வெளிவந்த கிரேயின் கணிப்பு, போருக்குப் பிந்திய மரண வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு கால்வாசிக்கும் சற்றுக் குறைவு என்றது. மிச்சத்தைச் செய்தவை வைத்தியசாலை, மருத்துவிச்சி, உணவு மானியம், தாயின் கல்வி ஆகியவை. ஒரு மருந்தைத் தெளித்துவிட்டுப் போவதோடு முடிகிற வேலையாக இது இருந்ததில்லை. ஒரு மனிதர், குறித்த ஊருக்குப் பொறுப்பானவர், மாதத்துக்கு மாதம் வீட்டுப் படியேறி வருவதே இதன் உயிர். சிசு நலத்தில் இலங்கை கற்ற பெரும் பாடம் இதுதான்.

இனி, அரசு ஏற்றுக்கொள்ளாத பகுதிக்கு வருவோம். இலங்கையில் பகல்நேரப் பிள்ளை பராமரிப்பு முதலில் பரவலாக வளர்ந்த இடம் மலையகத் தோட்டங்கள். அங்குள்ளவர்கள் அதைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள், சில தோட்டங்களில் பிள்ளை மடுவம். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகுமுன் தாய் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். இந்த ஏற்பாடு ஏன் தோட்டத்தில் வந்தது, எத்தாளையில் வரவில்லை? தோட்டத் துரைமாருக்குப் பிள்ளைகளின் மேல் கூடுதல் பாசம் இருந்ததனால் அல்ல. கொழுந்து பறிப்பது பெண்ணின் கை. அந்தக் கை ஒரு நாள் வராவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளையும் பிள்ளை பெற்ற பெண்ணின் பராமரிப்பையும் முதலாளியின் மேல் சுமத்தின. கூலிகளை அனுப்பிக்கொண்டிருந்த இந்திய அரசாங்கமும் கேள்வி கேட்டது. ஆகவே பிள்ளைக்காம்பரா வந்தது. ஆனால் அது தோட்டத்தின் காம்பரா, நாட்டின் காம்பரா அல்ல. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டு வாக்கும் போனபின், கிராமத்துக்குக் கிடைத்த மருத்துவிச்சி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கிடைக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையாகும் வரை அங்குள்ள தாயும் பிள்ளையும் கம்பனியின் கணக்கில்தான் இருந்தார்கள். 1973-74 பஞ்சத்தில் அந்தக் கணக்கின் விலை என்ன என்பதை லயங்களில் நடந்த மரணங்கள் காட்டின.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதை அல்ல. பாரிஸில் 1844இல் பிர்மன் மார்போ என்பவர் திறந்த பிள்ளை பராமரிப்பு நிலையம் ஏழைத் தொழிலாளிப் பெண்களுக்கானது. இங்கிலாந்தில் போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதியற்றவர்கள் என்று தெரிந்தது. பேரரசுக்குப் படைவீரர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் 1903இல் உடல் சீர்கேட்டைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1907இல் பிறப்பை உடனே அறிவிக்க வேண்டும் என்ற சட்டமும் 1918இல் தாய் சேய் நலச் சட்டமும் வந்தன. முதலாம் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டதும் பகல்நேரப் பிள்ளை நிலையங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. போர் முடிந்ததும் பெண்கள் வீட்டுக்கு, நிலையங்களுக்குப் பூட்டு. இரண்டாம் உலகப் போரிலும் இதே கதை. ஆக, நூறு ஆண்டுகளாக ஒரே விதிதான்: தாயின் கை யாருக்குத் தேவைப்பட்டதோ, அவர் தேவைப்பட்ட காலத்துக்கு மட்டும் பிள்ளைக்கு ஒரு கூரை போட்டுக்கொடுத்தார். பிள்ளைக்குத் தேவை என்பதற்காகக் கட்டப்பட்டது மிக அரிது.

இந்த விதியின்படி எத்தாளைக்கு ஒருநாளும் பிள்ளை பராமரிப்பு நிலையம் வராது. கற்பிட்டித் தீபகற்பத்துப் பெண்களின் உழைப்பு யாருக்கும் தேவையில்லை என்பதல்ல காரணம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தேவை, ஒருவருக்கும் முழுதாகத் தேவையில்லை. சின்ன வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் செய்யும் தோட்டக்காரர் இன்றைக்கு ஆறு பெண்களைக் கூப்பிடுவார், அடுத்த வாரம் யாரையும் கூப்பிடமாட்டார். வாடிக்காரருக்கு மீன் பட்டால்தான் காயப்போட ஆள் வேண்டும். கடல் மாறும் பருவத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்து வாடி அடிக்கும் குடும்பங்கள் பருவம் முடியப் போய்விடும். இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் அப்படித்தான். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை என்று இன்று உரிமை தருகிறது. பிள்ளை பராமரிப்பு நிலையம் வைத்திருக்கும் முதலாளி தலா அரை மணி நேரமும், வைத்திராதவர் தலா ஒரு மணி நேரமும் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நாளுக்கொரு முதலாளியிடம் நாட்கூலிக்குப் போகும் பெண் இந்த இடைவேளையை யாரிடம் கேட்பாள்? முதலாளியின் மேல் கடமையைச் சுமத்தும் வழி, நிலையான முதலாளி இருக்கும் இடத்தில்தான் செல்லும்.

ஆகவே இந்தக் கடமை பொது அமைப்பு ஒன்றின் மேல்தான் விழ வேண்டும். இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு பழையது: கைக்குழந்தைக்காரி வேலைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் 1906இல் சிசு மரணத்தைப் பற்றி நூல் எழுதிய ஜோர்ஜ் நியூமன் போன்ற மருத்துவர்களும் தாயின் அறியாமையையும் தாய் வெளியே வேலைக்குப் போவதையுமே பெரும் குற்றமாகக் கண்டார்கள். ஆனால் மணமான பெண்கள் வேலைக்கே போகாத நிலக்கரிச் சுரங்க மாவட்டங்களிலும் பிள்ளைகள் பெருந்தொகையாக இறந்தார்கள். 1913இல் மோட் பெம்பர் ரீவ்ஸ், லண்டன் லாம்பெத்தில் வாரம் ஏறத்தாழ ஒரு பவுண் வருமானத்தில் வாழ்ந்த குடும்பங்களின் செலவுக் கணக்கை வீடு வீடாகப் பார்த்து வெளியிட்டார். அந்தத் தாய்மாருக்கு அறிவு இருந்தது, காசுதான் இல்லை என்பது அந்தக் கணக்கிலிருந்து தெளிவானது. நம் நாட்டிலும் 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போவதைத் தடுக்கும் விதி வந்தது. கற்பிட்டி உள்ள புத்தளம் மாவட்டத்திலிருந்து போகும் பெண்கள் அநேகர். பிள்ளையின் நலத்துக்காகத் தாயைத் தடுத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம். போகாமல் இருந்தவளின் பிள்ளைக்கு அரசு என்ன செய்தது? ஒரு நிலையமும் திறக்கவில்லை. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த விதியே தளர்ந்தது. தாயின் கை மறுபடியும் தேவைப்பட்டுவிட்டது.

இரண்டாவது மறுப்பு மென்மையானது: நம் ஊர்களில் உம்மம்மாவும் அம்மம்மாவும் பெரியம்மாவும் இருக்கிறார்கள், பிள்ளை பார்க்கக் காசு கொடுத்து ஆள் வைப்பது பட்டணத்துப் பழக்கம். உறவின் பலத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கற்பிட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றுவரை தாக்குப்பிடித்திருப்பதே அதனால்தான். ஆனால் அந்த அம்மம்மாவுக்கு வயது ஐம்பதுக்குள்ளே இருந்தால் அவளும் வெங்காயம் பிடுங்கப் போயிருப்பாள். எழுபதானால் ஓடும் பிள்ளையின் பின்னால் ஓட அவளால் முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரையில் வந்திறங்கிய முஸ்லிம் குடும்பங்களின் உறவுகள் முகாம் முகாமாகச் சிதறின. பருவத்துக்கு வந்து வாடியில் தங்கும் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு உறவு என்று ஒன்று இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவள் பெரும்பாலும் மூத்த அக்கா. அவளுக்குப் பத்து வயது இருக்கும், அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். இலவசமாகத் தெரியும் இந்தப் பராமரிப்புக்கு அவளுடைய படிப்பே கூலி. தாயின் கல்வி அடுத்த தலைமுறைப் பிள்ளையின் உயிரைக் காக்கிறது என்று ஐம்பது ஆண்டு ஆய்வுகள் சொல்லும் நாட்டில், நாளைய தாயை இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிப்பது சிக்கனம் ஆகாது.

மூன்றாவது மறுப்பு மருத்துவம் சார்ந்தது, மற்றவற்றைவிடக் கவனமாகக் கேட்க வேண்டியது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஓரிடத்தில் வைத்தால் தாய்ப்பால் நின்றுவிடும், போத்தல் வரும், ஒரு பிள்ளையின் சளி எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவும். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் மார்போ திறந்த முதல் நிலையங்களிலேயே தாய் பகலில் வந்து பாலூட்டிப் போவது விதியாக இருந்தது. பிரிப்பதற்காக அல்ல, வேலையிடத்துக்கு அருகே பிள்ளையை வைத்துப் பாலூட்டலைக் காப்பதற்காகவே அந்த ஏற்பாடு. இன்று எத்தாளையில் தாய் தோட்டத்திலும் பிள்ளை வீட்டிலும் இருக்கும்போது தாய்ப்பால் நிற்காமலா இருக்கிறது? அந்த இடத்தில் மாப்பால் வருகிறது, அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். கற்பிட்டி மணலில் ஆழமில்லாத கிணறுகள். காய்கறிக்கு இடும் பசளை மணலினூடாக இறங்கி நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லை தாண்டியிருக்கிறது. அந்த எல்லையே கைக்குழந்தையை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையின் இரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் தடுக்கும் ஆற்றல் இந்த நீருக்கு உண்டு. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. தாய் நடந்து வந்து பாலூட்டக்கூடிய தூரத்தில், சோதிக்கப்பட்ட தண்ணீரோடு இருக்கும் ஒரு நிலையம் இந்த ஆபத்தைக் குறைக்கும், கூட்டாது.

நான்காவது மறுப்பைச் சொல்பவர்கள் மலையகத்தைக் கைகாட்டுவார்கள். பிள்ளைக்காம்பரா நூறு ஆண்டாக இருக்கிறதே, அங்கே என்ன விளைந்தது? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவாய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 வீதம். இந்த எண்ணை மறைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவைப் புகழ்வது நேர்மையல்ல. ஆனால் அதே எண்ணைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. குள்ளமான பிள்ளை கருவறையிலிருந்தே குள்ளத்தைக் கொண்டுவருகிறது. நாட்சம்பளமும் லயத்து அறையும் தாயின் இரத்தசோகையும் சேர்ந்து தரும் விளைவை ஒரு காம்பராவால் அழித்துவிட முடியாது. இருண்ட மடுவமும் படிப்பறிவில்லாத கிழவியும் மாப்பால் தகரமும் இருந்த காலத்துக்கும், தோட்டங்கள் அரசுடைமையான பிறகு ஆயாக்களுக்குப் பயிற்சியும் சுகாதார உத்தியோகத்தரின் மேற்பார்வையும் உணவும் வந்த காலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். 1970களில் தேசிய சராசரிக்கு மிக மேலே இருந்த தோட்டப்புறச் சிசு மரணம் அதற்குப் பின்னரே விரைந்து கீழே வந்தது. நிலையம் என்பது வெறும் கட்டடம். அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. கம்பனி மட்டும் பார்த்தபோது ஒரு பலன், சுகாதாரத் துறை பார்த்தபோது வேறு பலன்.

கடைசியாகப் பணம். 2022இல் வங்குரோத்து அறிவித்த நாட்டிடம் புதிய சேவை கேட்பதா என்பார்கள். 1935இல் இலங்கை இன்றைவிட ஏழை நாடு, உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தது, கொள்ளைநோய் வேறு. அந்தக் காலத்தில்தான் கிராமத்துக்கு மருத்துவிச்சி வந்தார். மருத்துவிச்சிச் சேவை மலிவாக அமைந்ததற்குக் காரணம், அது பெரிய கட்டடங்களை நம்பாமல் ஊருக்குள் வாழும் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை நம்பியது. பகல்நேரப் பராமரிப்பையும் அப்படியே கட்டலாம். கிளினிக் மண்டபங்கள் மாதத்தில் பல நாள் சும்மா கிடக்கின்றன. முன்பள்ளிகள் நண்பகலோடு மூடப்படுகின்றன. பிரதேச சபைகள் ஏற்கனவே முன்பள்ளியும் நூலகமும் ஆயுர்வேத மருந்தகமும் நடத்துகின்றன. திரிபோஷ விநியோகம் 1973 முதல் நடக்கிறது. இல்லாதது இவற்றை ஒன்றாகச் சேர்க்கும் பொறுப்பு மட்டும். பெற்றோர் ஒரு சிறு தொகை செலுத்தலாம். தோட்டக்காரரிடமும் வாடிக்காரரிடமும் இறால் பண்ணையிடமும் பிரதேச சபை ஓர் ஆண்டு வரி அறவிடலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே நிலையம் வைக்க முடியாது, எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றுக்குக் கொடுக்க முடியும்.

அப்படிப்பட்ட நிலையம் பெயருக்கு இருக்கக்கூடாது. நான்கு மாதப் பிள்ளையிலிருந்து மூன்று வயது வரை எடுக்க வேண்டும். முன்பள்ளிக்குப் போகும் வயதுக்கு ஏற்கனவே வழி இருக்கிறது, வழியில்லாதது அதற்கு முந்திய வயதுக்குத்தான். கூலி வேலை விடியலில் தொடங்கும் ஊரில் எட்டரைக்குத் திறந்து பயனில்லை. ஆறு மணிக்குத் திறக்க வேண்டும், மீன் படும் பருவத்தில் அதற்கும் முன்னர். ஐந்து கைக்குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளராவது வேண்டும். அவர் தமிழும் சிங்களமும் புழங்கும் அந்தக் கரையிலேயே வாழ்ந்து, சம்பளத்தோடும் பயிற்சியோடும் வேலை செய்பவராக இருக்க வேண்டும். தொண்டர் என்ற பெயரில் பெண்ணின் உழைப்பை மறுபடியும் இலவசமாக வாங்குவது வேண்டாம். குடும்பநல மருத்துவமாது மாதம் ஒருமுறையாவது வந்து நிறை பார்க்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், இருவரின் அறிக்கையும் சுகாதார வைத்திய அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, நிறை ஏறாத பிள்ளைக்கு மேலதிக உணவு கொடுக்கும் வழியைக் கிராமம் கிராமமாக நடத்திக் காட்டியது. டில்லியில் 1969 முதல் இயங்கும் மொபைல் கிரெஷஸ் அமைப்பு, வேலையிடம் மாறிக்கொண்டே இருக்கும் கட்டடத் தொழிலாளிப் பெண்களின் பிள்ளைகளுக்கு வேலைத் தளத்திலேயே நிலையம் நடத்தியது. நிலையான முதலாளி இல்லை என்பது முடியாததற்குக் காரணம் அல்ல என்பதற்கு இவை சாட்சி.

பிறப்பைப் பதியவும் பிரசவத்தைப் பார்க்கவும் இந்த நாடு பொறுப்பெடுத்தபோது, அது குடும்பத்தின் விவகாரத்தில் தலையிடுவது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் 1935இன் எண்ணோடு இன்னும் பல காலம் வாழ்ந்திருப்போம். கற்பிட்டிப் பிரதேச சபையில் வரவு செலவுத் திட்டம் வரும்போது, வீதிக்கும் விளக்குக்கும் கேட்பதைப் போல எத்தாளையில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கும் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், காலை ஆறு மணிக்கு அது திறக்குமா என்று கேளுங்கள். 1931இல் பெண்களுக்கு வாக்கு வந்த பிறகுதான் மருத்துவிச்சி ஊர் ஊராக வந்தார். பிள்ளை பராமரிப்பு நிலையமும் அதே வாக்கினால்தான் வரும்.